வெளிச்சம் பிடித்தவர்களும் வெளிச்சத்தில் நிற்பவர்களும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மறைந்த நம் கலைஞர்களின் நினைவாக நடக்கும் இந்த உரையில் மேடை விளக்கைப் பற்றிப் பேசப்போகிறேன். பேச எத்தனையோ அரசியல் இருக்க, இதென்ன எலக்ட்ரீஷியன் வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். அந்தக் கேள்விக்குள்ளேயே ஓர் அரசியல் இருக்கிறது. வெளிச்சம் பிடிப்பது நம் ஊர்களில் யாரோ ஒருவரின் ஊழியமாகவே இருந்தது. அந்த யாரோ ஒருவரின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.

நம் நிகழ்ச்சிகளில் மைக்குக்குக் கிடைக்கும் கவனம் விளக்குக்குக் கிடைப்பதில்லை. மைக் கீச்சிட்டால் நான்கு பேர் எழுந்து ஓடுகிறார்கள். பாடுகிற பெண்ணின் முகம் இருட்டில் கிடந்தால் ஒருவரும் அசைவதில்லை. ஏப்ரல் 14 இரவு சேலம், நாமக்கல் பக்கம் எத்தனையோ காலனிகளில் இதைப் பார்க்கலாம். மேடையின் பின்னால் பெரிய பேனர். அதன்மேல் இரண்டு ஃபோகஸ் லைட். பேனரில் அம்பேத்கரின் முகம் பளிச்சென்று தெரிகிறது. அவர் பெயரைச் சொல்லிப் பறையடிக்கிற பிள்ளைகளின் முகம் தெரிவதில்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மேடை விளக்கு என்பது யாருடைய முகம் தெரிய வேண்டும் என்று எடுக்கும் முடிவு. அதை மைக்செட்காரரின் வசதிக்கு விட்டுவிடாமல் நாம் எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது என்பதையும் கணக்கோடு சொல்கிறேன்.

தீவட்டி பிடித்த கை

சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரத்தில் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி விடியும்வரை ஆடுவது தெருக்கூத்து. மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து வரும் ‘மணல்வீடு’ இதழும் களரி அமைப்பும் இந்தக் கூத்தையும் கூத்தாடிகளின் வாழ்க்கையையும் எழுத்தில் கொண்டுவந்திருக்கின்றன. ஆட்டம், பாட்டு, மத்தளம், முகவீணை பற்றியெல்லாம் இன்று மாணவர்கள் ஆய்வு செய்கிறார்கள். அந்த ஆட்டத்தைக் கண்ணுக்குக் காட்டிய வெளிச்சத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

மின்சாரம் வருமுன் கூத்துக்கு வெளிச்சம் தீவட்டி. பழந்துணியைக் கிழித்து இறுக்கிச் சுற்றி, எண்ணெயில் நனைத்து, எரிய எரிய எண்ணெய் ஊற்ற வேண்டும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் பந்தம் சுற்றுவதும் பிடிப்பதும் சலவைத் தொழிலாளர் குடும்பங்களின் தலையில் கட்டப்பட்ட ஊழியம். சாமி ஊர்வலமானாலும் கூத்தானாலும் கூப்பிட்டால் வந்து நிற்க வேண்டும். கூலி என்பது அறுவடையின்போது களத்தில் அளந்துபோடும் தானியம். வேடம் கட்டியவர் வெளிச்சத்தில் நின்றார். வெளிச்சம் பிடித்தவர் அதற்கு வெளியே நின்றார்.

இந்த ‘வெளியே’ என்பதற்கு இன்னொரு கொடிய வடிவமும் உண்டு. தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்களைப் பற்றி 1932 டிசம்பரில் ‘தி இந்து’ நாளிதழில் ஒரு செய்தி வந்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் அவர்கள் பகலில் வெளியே வரவே அனுமதி இல்லை, அவர்களைப் பார்ப்பதே தீட்டு, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் வேலை செய்தார்கள் என்றது அந்தச் செய்தி. தொட்டால் தீட்டு என்பதை நாம் அறிவோம். இங்கே கண்டாலே தீட்டு. ஒரு மனிதரை வெளிச்சத்திலிருந்து விலக்கிவைப்பதும் சாதியின் வேலைதான். ஆகவே நம் மேடையில் ஒரு முகம் தெளிவாகத் தெரிவதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

தீவட்டி பிடித்தவரை வெறும் கூலியாளாகவும் பார்க்க வேண்டாம். அவர் செய்தது தொழில்நுட்பம். தீவட்டி நடிகருக்குப் பக்கத்தில், பக்கவாட்டில், அசைந்துகொண்டே இருக்கும். அதன் நிறம் செம்மஞ்சள். கூத்தாடியின் கிரீடத்திலும் தோள்கட்டையிலும் பதித்த கண்ணாடித் துண்டுகளை நினைத்துப் பாருங்கள். அவை அசையும் சுடருக்காகச் செய்தவை. சுடர் அசைந்தால் நூறு கண்ணாடிகளும் நூறு தடவை மின்னும். இன்று நேர் எதிரே இரண்டு வெள்ளை எல்.இ.டி. விளக்கை வைத்துவிடுகிறோம். கண்ணாடி மின்னுவதில்லை, முகத்தில் பள்ளம் மேடு தெரிவதில்லை, அரிதாரம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடுகிறது. பெட்ரோமாக்ஸ் வந்தபோதும் டியூப் லைட் வந்தபோதும் வெளிச்சம் கூடியது. சுடரோடு வந்த அசைவு போய்விட்டது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. 1937இல் அங்கே நீர்மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. அந்த மின்சாரம் பிறந்தது நம் சேலம் மாவட்டத்தில். ஆனாலும் ஊர்த்தெருவுக்கு வந்த கம்பி காலனிக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. பிறகு அரசின் குடிசை விளக்குத் திட்டத்தில் வீட்டுக்கு ஒரே ஒரு பல்பு வந்தது. இந்த வரலாறு தெரிந்தவர்கள் விளக்கை ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள்.

விளக்கே வேண்டாம் என்ற வாதம்

வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் (1925–2011) ‘மூன்றாம் அரங்கு’ என்ற பெயரில் மேடையையும் திரையையும் விளக்கு ஜாலத்தையும் விலக்கினார். பார்வையாளரும் நடிகரும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும், ஏழைக் குழுவும் நாடகம் போட முடிய வேண்டும் என்பது அவர் நோக்கம். நம் வீதி நாடகக்காரர்கள் பலர் இந்த வழியில் வந்தவர்கள். இந்த வாதத்தில் பாதி முழுக்கச் சரி. பகலில் பேருந்து நிலையத்தில் நாடகம் போடுகிறவருக்கு விளக்கு தேவையில்லை.

ஆனால் நம் மக்கள் பகலில் கூலிக்குப் போகிறார்கள். தறிப்பட்டறையிலும் செங்கல் சூளையிலும் கோழிப்பண்ணையிலும் வேலை முடிந்து, குளித்து, சோறாக்கி, கூடுவது இரவு எட்டு மணிக்கு மேல்தான். இரவில் ‘இருக்கிற வெளிச்சம்’ என்று ஒன்று இல்லை. தெருவிளக்கு எரிகிற இடம், எரியாத இடம் என்றுதான் இருக்கிறது. இரவு நிகழ்ச்சிக்கு விளக்கு வேண்டாம் என்றால், தெருவிளக்கு கிடைத்த இடத்தில் மட்டுமே கலை நடக்கும்.

சர்க்கார் காலத்திலேயே அதே வங்கத்தில் இன்னொரு வழியும் இருந்தது. தபஸ் சென் (1924–2006) என்ற ஒளி அமைப்பாளர் 1959இல் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நீர் புகுந்து தொழிலாளர்கள் மூழ்கும் காட்சியை ஒளியால் காட்டினார். சுரங்கத்துக்கு அடியில் சாகிறவர்களை நகரம் உட்கார்ந்து பார்த்தது. ஒளி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

கறுப்பு முகமும் வெள்ளைப் பேனரும்

இப்போது முகத்துக்கு வருவோம். நாம் பெரும்பாலும் கறுத்தவர்கள், மாநிறத்தவர்கள். கறுப்பு ஒரு சாதியின் நிறம் அல்ல, இந்த வெயில் நிலத்தின் நிறம். கறுத்த தோல் வெளிறிய தோலைவிடக் குறைவான ஒளியையே திருப்பி அனுப்பும். இது இயற்பியல், குறை அல்ல. அதற்கேற்ற விளக்கு வைக்காததுதான் குறை.

படச்சுருள் காலத்துச் சான்று ஒன்று உண்டு. கோடாக் நிறுவனத்தின் வண்ணப்படங்களைச் சரிபார்க்க ஆய்வுக்கூடங்கள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையே அளவுகோலாக வைத்திருந்தன. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அந்த அளவில் கறுத்த முகங்கள் மங்கிப்போயின. சாக்லேட் விற்கிறவர்களும் மரச்சாமான் விற்கிறவர்களும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று சொன்ன பிறகே படச்சுருளை மாற்றும் வேலை வேகம் பிடித்தது என்று அந்தத் துறையினரே பின்னாளில் கூறியிருக்கிறார்கள். கருவி எல்லோருக்கும் பொது என்று தோன்றும். அதற்குள் யாரோ ஒருவரின் முகம் அளவாக உட்கார்ந்திருக்கும்.

நம் மேடையில் இது மூன்று வழியில் நடக்கிறது.

முதலாவது, பேனர். கண் எப்போதும் அதிக வெளிச்சமான இடத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். பின்னால் வெள்ளைப் பேனர் ஒளிர்ந்தால் முன்னால் நிற்கும் முகம் நிழலாகிவிடும். கைபேசிக் கேமரா இதைவிட மோசம். பேனருக்கு அளவெடுத்து முகத்தைக் கரியாக்கிவிடும். மறுநாள் ஊரெல்லாம் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். பேனருக்குத் தனி விளக்கு வேண்டாம், மேடையில் சிதறுகிற ஒளியே அதற்குப் போதும்.

இரண்டாவது, கறுப்புத் திரை. நவீன நாடகம் பார்த்துவிட்டு வரும் தோழர்கள் பின்னால் கறுப்புத் துணி கட்டச் சொல்கிறார்கள். கறுத்த தலைமுடி, கறுத்த தோள், கறுத்த துணி மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். கறுப்புத் திரை கட்டினால் பின்னாலிருந்து தோளிலும் தலையிலும் விழும் விளக்கு கட்டாயம் வேண்டும். அந்த ஒளிக்கோடுதான் உடலைத் திரையிலிருந்து பிரித்துக் காட்டும்.

மூன்றாவது, நீலமும் பச்சையும். இரவுக் காட்சி என்றதும் நீல விளக்கு, கொண்டாட்டம் என்றதும் பச்சை. நீலம் நம் கொடியின் நிறம் என்பதால் எல்லாவற்றுக்கும் நீலம் போடுகிறோம். பழுப்புத் தோலில் வெறும் நீலம் விழுந்தால் முகம் அணைந்துவிடும். பச்சை விழுந்தால் நோயாளிபோல் தெரியும். நீலம் தரைக்கும் பின்புலத்துக்கும் இருக்கட்டும். முகத்துக்குப் பக்கவாட்டிலிருந்து செம்மஞ்சளோ இளஞ்சூடான வெள்ளையோ தனியாக வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மட்டும் உள்ள எல்.இ.டி. விளக்கு கலந்து தரும் ‘வெள்ளை’ நம் தோலைச் சாம்பலாக்கும். வாடகைக்கு எடுக்கும்போது, வெள்ளையும் ஆம்பரும் தனியாக உள்ள விளக்கைக் கேளுங்கள்.

கணக்கு

1932இல் அமெரிக்காவில் ஸ்டான்லி மெக்காண்ட்லெஸ் என்ற ஆசிரியர் எழுதிய மேடை ஒளி முறை இன்றும் பாடமாக இருக்கிறது. நடிகரின் முன்னே இரு பக்கமும் 45 டிகிரி தள்ளி, 45 டிகிரி உயரத்திலிருந்து இரண்டு விளக்கு. ஒன்று சூடான நிறம், மற்றது குளிர்ந்த நிறம். முகத்தின் ஒரு பாதி வெளிச்சமும் மறுபாதி சற்றே நிழலுமாக இருக்கும்போதுதான் முகத்துக்கு ஆழம் வரும் என்பது அதன் சாரம். அது ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர் உட்காரும் உள்ளரங்குக்குச் சொன்னது. நாம் நம் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

16 அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள மேடையை எடுத்துக்கொள்வோம். நிற்பவரின் முகம் தரையிலிருந்து ஏறத்தாழ 7 அடி. முன்புறம் இரு பக்கமும் கம்பம் நட்டு 18 அடி உயரத்தில் விளக்கைக் கட்டுங்கள். கம்பத்துக்கும் முகத்துக்கும் இடைத்தூரம் 16 அடி என்றால் ஒளி சுமார் 35 டிகிரி சரிவில் விழும். இது நல்ல கோணம். இதைவிடத் தாழ்ந்தால் ஒளி நேரே முகத்தில் அடித்து, ஆடுகிறவர் கண் கூசும், அவர் நிழல் பின்னால் பேனரில் பூதம்போல் எழும். மிகவும் உயர்ந்தால் புருவத்தின் நிழல் கண்ணைக் குழியாக்கிவிடும்.

25 டிகிரி விரியும் ஒரு எல்.இ.டி. பார் லைட் அந்தத் தூரத்தில் எட்டரை அடி வட்டத்தில் ஒளி போடும். கம்பத்துக்கு மூன்று விளக்கு கட்டினால், மூன்று வட்டமும் ஒன்றோடொன்று கலந்து மேடை முழுவதையும் மூடும். இரண்டு கம்பத்துக்கு ஆறு. மேடையின் இரு பக்கவாட்டிலும் இரண்டிரண்டு, மொத்தம் நான்கு. இவை ஆட்டத்துக்கு. பறையாட்டத்தில் காலும் இடுப்பும் பேசுகின்றன, அவற்றைப் பக்கவாட்டு ஒளிதான் காட்டும். பின்னால் மேலிருந்து தோளுக்கு இரண்டு. ஆகப் பன்னிரண்டு விளக்கு. பேனருக்கு ஒன்றுமில்லை.

மூன்று பக்கமும் மக்கள் உட்காரும் கூத்துக் களமானால், முன், பின் என்பது கிடையாது. களத்தைச் சுற்றி மூன்று கம்பங்களைச் சம இடைவெளியில் நட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு விளக்கு கட்டுங்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒரு பிரகாசமான பக்கமும் ஒரு நிழல் பக்கமும் தெரியும். ஒளி எதிர்ப்பக்கத்துக் கூட்டத்தின் கண்ணில் அடிக்காதபடி விளக்கைக் கீழ்நோக்கிச் சரியுங்கள்.

54 சிறு எல்.இ.டி. கொண்ட பார் லைட் ஒன்று சுமார் 160 வாட். பன்னிரண்டுக்கும் சேர்த்து 2 கிலோவாட்டுக்கும் குறைவு. 230 வோல்ட்டில் 8 ஆம்பியர் சொச்சம். பழைய ஹாலஜன் பார் லைட் ஒன்றே 1000 வாட். பன்னிரண்டுக்கு 52 ஆம்பியர் வேண்டும். முன்பு பெரிய சபாக்களால் மட்டும் முடிந்ததை இன்று ஒரு காலனிச் சங்கம் ஒரே சர்க்யூட்டில் செய்ய முடியும் என்பதன் பொருள் இதுதான்.

இந்த விளக்குகளை ஒரே இடத்திலிருந்து இயக்க 1986இல் வகுத்த டி.எம்.எக்ஸ். 512 என்ற முறை இருக்கிறது. ஒரு கேபிளில் 512 சேனல். ஒரு விளக்கு 8 சேனல் எடுத்தால் முதல் விளக்கின் முகவரி 1, அடுத்தது 9, அதற்கடுத்தது 17. பன்னிரண்டுக்கும் 96 சேனல்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளும்.

மின்சாரமும் காவலும்

தெருக்கம்பத்தில் கொக்கி போடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்பது முதல் காரணம். அடுத்தது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் அது திருட்டு. நம் நிகழ்ச்சியை நிறுத்தக் காரணம் தேடுகிறவருக்கு நாமே காரணத்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் எடுங்கள். அதில் 3 கிலோவாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

50 மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் இழுத்தால் 8 ஆம்பியரில் 6 வோல்ட்தான் குறையும். மெல்லிய சீரியல் செட் ஒயரை இழுத்தால் சூடேறி உருகும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி.யும், எர்த்தும் இல்லாத பலகையில் இணைப்பு வாங்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே மாலையில் காற்றெழும்பிக் கோடை மழை கொட்டும். ஸ்டாண்டுகளின் காலில் மணல் மூட்டை வையுங்கள். மழைக்குத் தாங்கும் விளக்கா என்று கேட்டு வாங்குங்கள்.

பறை காய்ச்ச நெருப்பு வேண்டும். இதை மறந்துவிட்டு மேடைக்குப் பின்னால் ஒயரையெல்லாம் ஓடவிட்டால், வைக்கோலைக் கொளுத்துகிற இடமும் ஒயரும் ஒன்றாகிவிடும். திட்டம் போடும்போதே நெருப்புக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். முடிந்தால் மக்கள் கண்ணில் படும் இடமாகவே இருக்கட்டும். தோல் சூடேறிச் சுருதி கூடுவதும் நிகழ்ச்சிதான்.

ஒளி மேடையோடு முடிவதில்லை. பெண்கள் உட்காரும் ஓரம், கழிப்பறைக்குப் போகும் வழி, ஊரைக் கடந்து வீடு திரும்பும் பாதை, இவற்றில் எரியும் விளக்கு மேடை சர்க்யூட்டில் இருக்கக் கூடாது. மேடை அணைந்தாலும் அவை எரிய வேண்டும். பேட்டரியில் எரியும் இரண்டு விளக்காவது தயாராக இருக்கட்டும். யாராவது வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்தால் கூட்டம் சிதறாமல் இருப்பது அந்த இரண்டு விளக்கால்தான்.

விளக்குக்காரரின் பெயர்

கே.ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ போன்ற நாடகங்கள் தலித் வாழ்வை மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தன. 2018 ஜனவரியில் சென்னையில் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் பறையும் பெரிய மேடையில் நின்றன. மேடை நம்மிடம் வந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் இருக்கும் அறிவும் நம் கைக்கு வர வேண்டும்.

ஒவ்வொரு கலைக்குழுவிலும் ஒருவர் விளக்குப் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும். பெண் தோழர்கள் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒயரும் கம்பமும் ஆம்பிளை வேலை என்ற நினைப்பும் உடையும். ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே அவர் உட்கார வேண்டும். ஒரு நோட்டில் எந்தப் பாட்டின் எந்த அடியில் எந்த விளக்கு ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று எழுத வேண்டும். நிகழ்ச்சிக்கு முன், இருட்டிய பிறகு, குழுவிலேயே கறுத்த நிறமுள்ளவரை மேடையில் நிறுத்தி, கடைசி வரிசையிலிருந்து அவர் கண் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் கண் தெரிந்தால் எல்லோர் கண்ணும் தெரியும். தெரியாவிட்டால் விளக்கைத்தான் திருப்ப வேண்டும், பவுடர் பூசச் சொல்லக் கூடாது.

நிகழ்ச்சி முடிந்து பாடியவர், ஆடியவர், பறையடித்தவர் பெயர்களை வாசிக்கும்போது விளக்குப் பிடித்தவர் பெயரையும் வாசியுங்கள். துண்டறிக்கையில் அச்சிடுங்கள். தீவட்டி பிடித்த அத்தனை பேரின் பெயரையும் இனி நம்மால் மீட்க முடியாது. இன்று விளக்குப் பிடிக்கிறவரின் பெயரையாவது எழுதிவைப்போம்.